முன் ஷொக்கில் திரும்பத் திரும்ப ஒயில் கசிவு, பிரேக் பிடித்தால் "டொக்" சத்தம்

கொட்டாஞ்சேனை_150:
பல்சர் 150, 46,000 கி.மீ. ஓடியது. மூன்று மாதத்துக்கு முன் முன் ஷொக் (ஃபோர்க்) ரெண்டுக்கும் சீல், அதாவது ஒயிலை உள்ளே பிடிக்கிற ரப்பர் வளையம், மாத்தியாச்சு. இப்ப பிரேக் டிஸ்க் பக்கத்து ஷொக் கால் திரும்பவும் ஈரம், அதுக்குள் ஏறி இறங்குற பைப்பில் கறுப்பு வளையம். மெதுவாகப் போகேக்க முன் பிரேக் பிடித்தால் "டொக்" எண்டு கேக்குது. கராஜில் முழு செட்டையும் மாத்தச் சொல்லுறாங்கள். பஞ்சிகாவத்தையில் பாவித்த செட் எடுக்கிறதா, இதையே திருத்துறதா?

சில்லும்_கம்பியும்:
கசிவும் சத்தமும் ஒரே வருத்தம் எண்டு முடிவு கட்டாதீங்கோ. அதுக்கு முதல் டிஸ்க்கைப் பாருங்கோ. ஒயில் அதில் பட்டிருந்தால் பிரேக் கிளீனரால் துடையுங்கோ. பிரேக் பேட் ஒயிலைக் குடித்திருந்தால் அது குப்பைக்குத்தான், உரசி எடுத்துத் திருப்பிப் போடுற வேலை வேண்டாம்.

சத்தத்துக்கு: சென்டர் ஸ்டாண்டில் விட்டு, எஞ்சினுக்குக் கீழே பலகை வைத்து முன் சில்லைத் தூக்குங்கோ. அச்சுக்குப் பக்கத்தில் ரெண்டு காலையும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கோ. இன்னொருவர் ஹேண்டில் தலையில், ரெண்டு பைப்பையும் பிடிக்கிற கீழ்க் கிளாம்புக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் விரல் வைக்கட்டும். அங்கே அசைந்தால் ஹேண்டில் பெயாரிங் தளர்வு. ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நேர் நிலையில் "கிளிக்" எண்டு ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தால் இறுக்கிப் பிரயோசனம் இல்லை, பெயாரிங் செட் மாத்த வேணும். தலை அசையாமல், டஸ்ட் சீல் (மேலே தூசி தடுக்கிற ரப்பர்) பக்கத்தில் பைப்புக்கும் அலுமினியக் காலுக்கும் நடுவில் ஆட்டம் தெரிந்தால் தேய்மானம் உள்ளே. சின்ன பைக்குகள் பலதில் மாத்தக்கூடிய தனிப் புஷ் (தேய்மான வளையம்) கிடையாது, அலுமினியக் காலின் உட்பக்கமே தேயும். பைப் சாய்ந்து சாய்ந்து ஏறி இறங்கினால் எந்தப் புதுச் சீலும் நிக்காது.

கசிவுக்கு: சீலைக் கழற்ற முதல் பைப்பைத் துடைத்து, நகத்தை மேலிருந்து கீழே இழுத்துப் பாருங்கோ. நகம் தடக்குப்பட்டால் துருக்குழி. கடற்கரைப் பக்கம் நிறுத்தும் பைக்குகளில் இது சாதாரணம். குழியின் ஓரம் கத்தி மாதிரி, சீலின் உதட்டை ஒவ்வொரு தரமும் சீவும்.

பழைய_ஒயில்கான்:
என்ன ஒயில் ஊத்தினவை எண்டு கேட்டீங்களா? 20டபிள்யூ-50 எஞ்சின் ஒயில் ஊத்துறது இஞ்ச வழக்கமாப் போச்சு. ஃபோர்க் ஒயில் 10டபிள்யூவை விட அது பல மடங்கு தடிப்பு. ஒரு பள்ளத்தில் அமுங்கின ஷொக் அடுத்த பள்ளத்துக்குள் மேலே வர நேரம் இருக்காது.

அளவும் முக்கியம். பைப்பின் உள் விட்டம் 26 மி.மீ. எண்டு வையுங்கோ: 10 மி.லீ. கூடினால் மட்டம் கிட்டத்தட்ட 19 மி.மீ. ஏறும். மேலே இருக்கிற காற்றுக்கு இடம் குறையும், முழுசாக அமுங்கும்போது அழுத்தம் முழுக்க சீலில். வடித்ததை அளந்து அதே அளவு ஊத்துறதும் சரியில்லை, கொஞ்சம் உள்ளேயே ஒட்டி நிக்கும், கசிந்ததும் கணக்கில் வராது. மேனுவலில் உள்ள அளவை ஊத்தி, பத்துத் தரம் பம்ப் பண்ணி, குமிழ் அடங்கினபிறகு ஸ்பிரிங் இல்லாமல், பைப்பை முழுக்க அமுக்கி, வாயிலிருந்து ஒயில் மட்டம் வரை அளவுங்கோ. ரெண்டு காலும் ஒரே மட்டத்தில் நிக்க வேணும்.

கொட்டாஞ்சேனை_150:
ஹேண்டில் தலை இறுக்கமா இருக்கு. டிஸ்க் பக்கத்தில் சீலுக்கு மேலே விரலில் ஆட்டம் தெரியுது. அதே பைப்பில் ரெண்டு குழி, சீல் ஓடுற இடத்திலேயே. மற்றக் கால் சுத்தம்.

சில்லும்_கம்பியும்:
அப்ப முழு செட் தேவையில்லை. அந்தப் பக்கத்துக்குப் பைப்பும் கீழ்க் காலும், ரெண்டு பக்கத்துக்கும் சீல், டஸ்ட் சீல், அடி போல்ட்டுக்குச் செப்பு வாஷர். பழைய சீலின் மேலேயே உள் விட்டம், வெளி விட்டம், உயரம் அச்சடித்திருக்கும், 31×43×10.3 மாதிரி. அதைக் கையோட கொண்டுபோங்கோ.

பாவித்த பைப் எண்டால் கடைக்காரரின் கண்ணாடி மேசையிலேயே உருட்டிப் பாருங்கோ. அடியில் வெளிச்சம் திறந்து மூடினால் வளைவு. வளைகிறது பெரும்பாலும் கீழ்க் கிளாம்ப் பிடிக்கிற இடத்துக்குக் கிட்ட.

கழற்றும்போது காலின் அடியில் இருக்கிற அலன் போல்ட்டை முதலில் இளக்குங்கோ. ஸ்பிரிங் அழுத்தம் இருக்கும்வரை உள் தண்டு சேர்ந்து சுத்தாது. மேல் மூடியையும் கீழ்க் கிளாம்ப் இறுக்கமா இருக்கேக்கையே தளர்த்துங்கோ. கடைசிப் புரியில் உள்ளங்கையால் அமத்திக்கொண்டு, முகத்தை விலக்கி. சீல் போடும்போது பைப் வாயில் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுத்தி, ஒயில் பூசி, எழுத்து மேலே தெரிய இறக்குங்கோ. அளவான பிவிசி குழாய்த் துண்டால் தட்டலாம், சீலைப் பிடிக்கிற கிளிப் உட்காரும் காடி முழுசாத் தெரியும்வரை. ஸ்குரூடிரைவரால் ஓரம் ஓரமாத் தட்டினால் சீல் சரிந்து உட்காரும்.

பழைய_ஒயில்கான்:
ஒண்டு விட்டுப்போச்சு. சில்லைப் பூட்டி அச்சு நட்டை இறுக்கினபிறகு, காலின் அடியில் அச்சைப் பிடிக்கிற கிளாம்ப் போல்ட்டுகளை இறுக்க முதல் பைக்கை நிலத்தில் இறக்கி ஃபோர்க்கை நாலஞ்சு தரம் அமுக்குங்கோ. ரெண்டு காலும் ஒரே நேர்கோட்டுக்குத் தானா வரும். அதுக்குப் பிறகு இறுக்குங்கோ, இல்லாட்டி புதுக் காலையும் அதே பக்கம் தேய்ச்சுப்போடும்.