உப்பளக் கரையில் சாம்பல் கலந்த கான்கிரீட் நிலைக்குமா?

கேள்வி: தூத்துக்குடி அருகே உப்பளங்களுக்கு நடுவே கட்டும் சிறுபாலத்திற்கு அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சிமென்டைப் பயன்படுத்தலாமா? ஏழாம் நாள் சோதனையில் வலிமை குறைவாக இருந்ததால் தயங்குகிறோம்.

பதில் 1: தயங்க வேண்டாம், ஐயா. சாம்பலிலுள்ள சிலிக்கா, சிமென்டிலிருந்து வெளிப்படும் சுண்ணாம்போடு மெதுவாகவே வினைபுரியும் என்பதால், 28 நாள், முடிந்தால் 56 நாள் வலிமையைப் பார்த்து முடிவெடுங்கள். நுண்துளைகள் அடைபடுவதால் உப்பு உள்ளிருக்கும் இரும்புக் கம்பியை எட்டுவதும் தாமதமாகும்.

பதில் 2: உப்புக்காற்றுக்கு நான் இரும்பாலைக் கசடு கலந்த சிமென்டையே பரிந்துரைப்பேன்; இந்தியத் தர விதி 70 விழுக்காடு வரை கசடை அனுமதிக்கிறது. சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1450 டிகிரியில் சுட்டெடுக்கும் கிளிங்கர் (சிமென்டின் முதன்மை மூலப்பொருள்) அந்த அளவுக்குக் குறைவதால், கார்பன் வெளியேற்றமும் பெரிதும் குறைகிறது.

பதில் 3: எங்கள் தளத்தில் மூன்றாம் நாளே ஈரச்சாக்கை எடுத்துவிட்டதால், மேற்பரப்பு விரலால் தேய்த்தாலே மாவாக உதிர்ந்தது. குறைந்தது 10 நாள், கடும் வெயிலில் 14 நாள் நீராற்றுங்கள், அதாவது கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருங்கள்.