பொருள்: ஃபஸ் பெடலுக்குத் தமிழில் ‘பிசிறு’

அன்புள்ள குழுமத்தவர்க்கு,

வணக்கம். மின்கிடாரின் ஒலியைக் கரகரக்கச் செய்ய, காலால் மிதித்து இயக்கும் ‘ஃபஸ் பெடல்’ என்ற பெட்டிக்கு ‘ஒலி உருக்குலைப்புக் கருவி’ என்ற பரிந்துரையோடு இந்த இழையைத் தொடங்கிய ஐயாவுக்கு முதலில் நன்றி. மின்கிடார்க் கருவிகளுக்குத் தமிழ்ச்சொல் வேண்டும் என்று கேட்க ஒருவர் முன்வந்ததே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் அந்தச் சொல்லை ஏற்க என் காது மறுக்கிறது.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஆஷ்வில் என்ற ஊரிலிருந்து வரும் ‘வெட்னஸ்டே’ ராக் இசைக்குழுவின் ‘ராட் சா காட்’ பாட்டுத் தொகுப்பைக் கேட்டுப் பாருங்கள். 2023இல் வெளிவந்தது. அதன் இரண்டாவது பாட்டு எட்டு நிமிடத்துக்கும் மேல் ஓடும். முடிவை நெருங்கும்போது பாடகி கார்லி ஹார்ட்ஸ்மன் அலறத் தொடங்குகிறார். கிடார்களும் அந்த அலறலோடு சேர்ந்து இழைகின்றன. எது தொண்டை, எது கம்பி என்று பிரித்தறிய முடியாது. எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. இதைக் கேட்டுவிட்டு ஒலி உருக்குலைந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? கிடார் அங்கேதான் உருப்பெறுகிறது.

உருக்குலைவு, திரிபு என்ற சொற்கள் மின்னணுவியல் பாடநூலுக்குப் பொருந்தும். அங்கே உள்ளே போன அலை மாறாமல் வெளியே வரவேண்டும், மாறினால் பிழை. இசைஞர் அந்த மாற்றத்தைக் காசு கொடுத்து வாங்குகிறார். எனவே இசைக்குத் தனிச்சொல் வேண்டும் என்பதே என் கட்சி. ஃபஸ் என்பதற்கு நான் முன்வைக்கும் சொல் ‘பிசிறு’.

துணியின் ஓரத்தில் நூல் பிரிந்து நிற்பது பிசிறு. குரலில் தட்டுவதும் பிசிறு. ஆங்கிலத்திலும் அப்படித்தான்: கம்பளித் துணியில் எழும்பி நிற்கும் மெல்லிய பஞ்சுக்கு உள்ள பெயரையே இந்த ஒலிக்கும் வைத்தார்கள். இரண்டு மொழிகளும் தனித்தனியே தறியிலிருந்து காதுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இவ்வளவு பொருத்தமாக அமைந்த சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை ஏன் கட்டவேண்டும்?

பாட்டுச் சொல்லித்தரும் அம்மையார் நேற்று எழுதிய மறுப்பு நியாயமானது. ‘பிசிறு தட்டாமல் பாடு என்று முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளிடம் சொல்லிவருகிறேன், அதையே ஒரு கருவியின் சிறப்பாகச் சொல்வதா?’ என்று கேட்டிருந்தார். அம்மா, இந்த ஒலி பிறந்ததே ஒரு பழுதிலிருந்துதான். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் பாடகர் மார்ட்டி ராபின்ஸின் பாட்டைப் பதிவு செய்தபோது, கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிடாரின் ஒலி ஒலிகளைக் கலக்கும் மேசையிலிருந்த (மிக்சர்) ஒரு பழுதால் கரகரத்து வந்தது. அதைத் திரும்பப் பதிவு செய்யாமல் அப்படியே விட்டார்கள். 1961இல் பாட்டு வெளிவந்ததும் மற்றவர்களும் அந்த ஒலியைக் கேட்கத் தொடங்கினார்கள். பழுதான மேசை எத்தனை நாள் உழைக்கும்? ஒலிப்பொறியாளர் கிளென் ஸ்னாடி டிரான்சிஸ்டர்களை வைத்து அதே ஒலியைத் தரும் பெட்டியை உருவாக்கினார். கிப்சன் நிறுவனம் 1962இல் அதை ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. குறையின் பெயரே கருவியின் பெயராக நிலைத்தது. தமிழிலும் அப்படியே நிலைக்கட்டும்.

நம் மரபுக்கும் இது புதிதல்ல. தம்புராவில் தந்திகளைத் தாங்கும் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு நூலைச் செருகி, மயிரிழை அளவு நகர்த்தி நகர்த்திப் பார்ப்பார்கள். சரியான இடத்தில் நூல் உட்கார்ந்ததும் தந்தி ரீங்கரிக்கும். அந்த நூலுக்கு ஜீவாளி என்று பெயர். உயிரே அதில் இருப்பதாகச் சொல்கிறது சொல். மிருதங்கத்தின் வலப்பக்க முகமான வலந்தலையில் தோல் அடுக்குகளுக்கு இடையே ஈர்க்குத் துண்டுகளைச் செருகுவதையும் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு துண்டையும் ஊசியால் தள்ளிவிட்டு, விரலால் ஒரு தட்டு, காதைச் சாய்த்து ஒரு கேட்பு, பிறகு அடுத்த துண்டு. சுத்தமான நாதத்தில் எவ்வளவு உரசல் சேரவேண்டும் என்பதை அந்தக் கைவினைஞர் அளந்து அளந்து சேர்த்துக்கொண்டிருந்தார். கிடார்க்காரர் குனிந்து குமிழைத் திருகுவதும் அதே வேலைதான்.

இனி வகைபிரிப்பு. ஆங்கிலத்தில் ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், ஃபஸ் என மூன்று சொற்கள் இருக்கும்போது தமிழில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் குழப்பம் வரும். அலையின் முகடும் அகடும் ஓரளவுக்கு மேல் போக முடியாமல் வெட்டுப்படுவதுதான் மூன்றுக்கும் அடிப்படை. அதை ‘முகடுவெட்டு’ எனலாம். கிடாரின் வால்வு ஒலிபெருக்கியை (ஆம்ப்ளிஃபயர்) அதன் எல்லைக்கு மேல் முடுக்கும்போது முகடு மெல்ல மழுங்குகிறது, இது ‘கரகரப்பு’ (ஓவர்டிரைவ்). இன்னும் கடுமையாக வெட்டினால் ‘உறுமல்’ (டிஸ்டார்ஷன்). அலை ஏறத்தாழச் சதுரமாகவே ஆகிவிட்டால் ‘பிசிறு’. உறுமல் என்பதில் எனக்கே முழு நிறைவு இல்லை. யாருக்காவது நல்ல சொல் தோன்றினால் அதை எடுத்துவிடலாம். பிசிறை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

காலால் மிதித்து இயக்கும் பெட்டி ‘மிதிபெட்டி’. மிதிவண்டி போல வினைத்தொகை, ஒற்று மிகாது. சுருதிப்பெட்டி ஏற்கெனவே நம் வீடுகளில் இருப்பதால் பெட்டி என்பதே போதும், கருவி, சாதனம் என்று நீட்டவேண்டாம். ‘பிசிறுப்பெட்டியா, பிசிறுபெட்டியா’ என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். கிணறு கிணற்றுத்தவளையாகவும் வயிறு வயிற்றுவலியாகவும் ஆவதுபோல ‘பிசிற்றுப்பெட்டி’ என்பதே முறை. சொல்லிப் பாருங்கள், றகரம் இரட்டித்ததும் சொல்லிலேயே கொஞ்சம் கரகரப்பு ஏறிவிடுகிறது.

என்னிடம் இருப்பது எலக்ட்ரோ ஹார்மனிக்ஸ் நிறுவனத்தின் ‘பிக் மஃப்’ என்ற பிசிற்றுப்பெட்டி, பழையதாக வாங்கியது. இண்டி ராக் கேட்பவர்களுக்கு இந்தப் பெயர் வேதம். மட்ஹனி என்ற ராக் குழு 1988இல் வெளியிட்ட இசைத்தட்டுக்கே இதன் பெயரையும் சூப்பர் ஃபஸ் என்ற இன்னொரு பிசிற்றுப்பெட்டியின் பெயரையும் சேர்த்துச் சூட்டியது. இதில் மூன்று குமிழ்கள். ஒன்றில் ‘சஸ்டெயின்’ என்று எழுதியிருக்கும். முகடுகள் எல்லாம் ஒரே உயரத்தில் வெட்டுப்படுவதால், மீட்டிய சுரம் உடனே தேய்ந்து போகாமல் நெடுநேரம் நிற்கிறது. அப்படி நிற்பதற்குக் கருநாடக இசையில் சொல் தயாராக இருக்கிறது: கார்வை. ‘கார்வையைக் கூட்டு, பிசிறு கெட்டியாகும்’ என்று நேற்று என் தம்பியிடம் சொன்னேன். விளக்கம் கேட்காமல் சரியான குமிழைத் திருகினான்.

சிறு தாள்களில் எழுதிக் குமிழ்களுக்கு மேல் ஒட்டியிருக்கிறேன். முதலாவது ‘ஒலியளவு’, இரண்டாவது ‘கார்வை’. மூன்றாவதான ‘டோன்’ குமிழுக்குத் தொனி என்று எழுதினால் குரலின் பாவனையைக் குறிப்பதாகிவிடுகிறது, சாயல் என்றால் மங்கலாக இருக்கிறது. கனத்த ஒலியிலிருந்து கூரிய ஒலிக்கு நகர்த்தும் குமிழ் இது. அந்தத் தாள் இன்னும் வெற்றாக இருக்கிறது. உங்கள் பரிந்துரைகளை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
குழும உறுப்பினர் ஒருவர்