புதுப்பிப்பு: மைக்ரோவேவ் பொத்தான்களையும் சலவை இயந்திரத் திரையையும் கைபேசி கொண்டு வாசித்தல்

பார்வையற்ற நான், மைக்ரோவேவ் அடுப்பின் தட்டையான தொடுபலகையையும் சலவை இயந்திரத் திரையில் ஒளிரும் எண்களையும் கைபேசிச் செயலியால் வாசிக்க வழி கேட்டிருந்தேன். பொறுமையாக வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி.

பொத்தான்களுக்கு, ஐபோனின் உருப்பெருக்கிச் செயலியிலுள்ள ‘பாயின்ட் அண்ட் ஸ்பீக்’ வசதியைப் பரிந்துரைத்தவரின் யோசனையே கைகொடுத்தது. ஒரு கையில் கைபேசியைப் பிடித்துக்கொண்டு மறுகையின் ஆள்காட்டி விரலைப் பலகைக்குச் சற்று மேலே, தொடாமல் நகர்த்தினால், விரல் நுனிக்கு அருகிலுள்ள எழுத்தை அது உரக்க வாசிக்கிறது. 2023இல் ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 17உடன் வந்த இவ்வசதிக்கு, ஒளியால் தூரத்தை அளக்கும் லைடார் உணரி தேவைப்படுவதால், ஐபோன் வாங்குமுன் அதில் அவ்வுணரி உள்ளதா என்று அவசியம் பாருங்கள்.

நான் எதிர்பாராதது, எண்கள் தந்த சிக்கல். அச்செழுத்துகளைத் தடையின்றி வாசிக்கும் செயலிகள்கூட, துண்டு துண்டான கோடுகளால் ஆன ஒளிரும் எண்களில் தடுமாறின. கோடுகளுக்கிடையே இடைவெளி இருப்பதால் அவை முழு எழுத்தாகப் புலப்படுவதில்லை. கேமரா விளக்கை அணைத்து, கைபேசியைச் சற்றுச் சாய்த்துப் பிடிக்கச் சொன்ன யோசனையால் கண்ணாடியில் ஒளி பிரதிபலிப்பது குறைந்து ஓரளவு பலன் கிடைத்தது. ஆயினும் நம்பும்படி இல்லை. ஆகவே எண்களுக்கு மட்டும் ‘பி மை ஐஸ்’ செயலியில் தன்னார்வலரை நேரலைக் காணொளியில் அழைக்கிறேன்.

அடிக்கடி அழுத்தும் பொத்தான்களில் புடைப்புப் புள்ளிகளை ஒட்டிவிட்டதால், அவற்றுக்கு இப்போது கைபேசியே தேவைப்படுவதில்லை.