மோட்டார் ஹோமின் எஞ்சின் பேட்டரி குளிர்காலம் முழுக்க உயிரோடு இருக்க என்ன வழி?

ஏரிக்கரை (மிசிசாகா):

வணக்கம். எங்களிடம் 2016 மாடல் ஃபோர்டு இ-450 மோட்டார் ஹோம், அதாவது உள்ளேயே படுத்துத் தங்கும் வசதியுள்ள வீட்டு வண்டி, இருக்கிறது. 26 அடி, பத்து சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். ரெண்டு வருடம் முன்பு பழைய வண்டியாக வாங்கினோம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் அல்கோன்குவின் பார்க், சாபிள் பீச் என்று சுற்றுவதெல்லாம் இதில்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி. காரில் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. இதில் காலை நீட்டிப் படுத்தபடியே வருவார்.

போன வருடம் நவம்பர் 1 அன்று ஆரஞ்ச்வில் பக்கம் வண்டிகளைக் குளிர்காலத்துக்கு விட்டு வைக்கும் ஒரு யார்டில் நிறுத்தினோம். அங்கே கரண்ட் கிடையாது. தண்ணீர்க் குழாய்கள் உறையாமல் இருக்க ஆன்டிஃப்ரீஸ் விட்டேன், கதவருகே இருக்கும் பேட்டரி ஸ்விட்சை அணைத்தேன். கூரையில் 100 வாட் சோலார் வேறு இருக்கிறது என்று நிம்மதியாக வந்துவிட்டேன். ஏப்ரல் கடைசியில் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்ச் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்ற சத்தம்கூட வரவில்லை. ஆனால் ஸ்விட்சைப் போட்டதும் உள்ளே விளக்கும் தண்ணீர் பம்பும் நன்றாக ஓடின. பானெட்டைத் திறந்து பார்த்தேன். எஞ்சின் பேட்டரியின் பக்கவாட்டுச் சுவர் ரெண்டும் வெளியே உப்பியிருந்தன, மூடியோரத்தில் முடி அளவுக்கு ஒரு விரிசல். அன்றைய பயணம் போச்சு. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எனக்குத்தான் மனசே ஆறவில்லை.

இந்த மாதக் கடைசியில் மறுபடி நிறுத்த வேண்டும். ஸ்விட்சும் அணைத்து, சோலாரும் இருந்து, எப்படிச் செத்தது? புது பேட்டரியைக் காப்பாற்ற என்ன செய்யலாம்?

நெடுஞ்சாலை (பிராம்ப்டன்):

ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை போய் ஒரு கால் மணி நேரம் ஸ்டார்ட் செய்து விட்டாலே போதும். என் பழைய காரை ஊருக்குப் போகும்போதெல்லாம் நண்பர் ஒருவர் அப்படித்தான் பார்த்துக்கொள்வார். எந்தப் பிரச்சினையும் வந்ததில்லை.

பழைய கராஜ்காரர் (பாரி):

தம்பி ஏரிக்கரை, 31 வருடம் லொறியும் பஸ்ஸும் திருத்தியவன் நான். இப்போது ஓய்வு. என்னிடமும் ஒரு மோட்டார் ஹோம் இருக்கிறது, வாங்கி ஒன்பதாவது குளிர்காலம் இது. ஆறுதலாக எழுதுகிறேன், வடிவாக வாசியுங்கள்.

உங்கள் வண்டிக்குள் இருப்பது ரெண்டு தனித்தனி உலகம். விளக்கு, பம்ப், ஹீட்டர் விசிறி எல்லாம் வீட்டு பற்றரியில் ஓடுபவை. எஞ்சினைச் சுழற்றுவது பானெட்டுக்குள் இருக்கும் பற்றரி. கதவருகே உள்ள அந்த ஸ்விட்ச் அநேகமான வண்டிகளில் வீட்டு பற்றரியை மட்டும்தான் வெட்டும். கூரையில் உள்ள சோலாரும் அதற்குத்தான் போகும். இன்னொன்றும் சொல்கிறேன்: இங்கே விற்கும் கனக்க வண்டிகளில், வீட்டுக் கரண்டில் சொருகி வைத்தால்கூட எஞ்சின் பற்றரிக்கு ஒரு துளியும் போகாது. உங்களுடையது எப்படி என்று பார்ப்பது சுலபம். சொருகுவதற்கு முன் எஞ்சின் பற்றரியில் வோல்ட் அளக்கும் மீற்றரை வைத்துப் பாருங்கள், சொருகி அரை மணித்தியாலம் கழித்து மறுபடி வைத்துப் பாருங்கள். 13 வோல்ட்டுக்கு மேல் ஏறியிருந்தால் சார்ஜ் போகிறது. அசையவே இல்லையென்றால் போகவில்லை. ஏப்ரலில் உங்கள் விளக்கு எரிந்தும் எஞ்சின் அசையாமல் போனதற்கு இந்த ரெண்டு உலகம்தான் காரணம்.

சரி, சும்மா நின்ற வண்டியில் பற்றரியை யார் குடித்தது? எஞ்சினின் கம்ப்யூட்டர், ரேடியோவின் ஞாபகம், யாராவது பிறகு பூட்டிய அலாரம், இப்படிச் சின்னச் சின்னச் சாமான்கள். எல்லாம் சேர்த்து 40 மில்லி அம்பியர் என்று வையுங்கள், அது சாதாரணம்தான். ஆனால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 அம்பியர் மணி. உங்கள் பற்றரி 75 அம்பியர் மணி என்றால் நவம்பர் 1 இலிருந்து எண்ணுங்கள், ஜனவரி நடுப்பகுதியில் தொட்டி காலி. அதுதான் எங்களுக்குக் குளிர் உச்சத்தில் நிற்கும் நேரம்.

முழுச் சார்ஜில் உள்ள பற்றரியின் அமிலம் −50 பாகைக்கும் கீழே போனால்தான் உறையும். ஒன்ராறியோவில் அதற்குப் பயமில்லை. இறங்கிப்போன பற்றரியில் அமிலத்தின் கந்தகம் ஈயத் தகட்டில் போய் ஒட்டிவிடும், மிஞ்சுவது தண்ணீர் மாதிரித்தான். அது −10 வருவதற்கு முன்பே உறையத் தொடங்கும். நீங்கள் பார்த்த உப்பலும் விரிசலும் ஐஸ் தள்ளியதால் வந்தவை. உறைந்த பற்றரிக்கு ஒருபோதும் வேறு வண்டியிலிருந்து ஜம்பர் வயர் கொடுக்காதீர்கள், சார்ஜரும் மாட்டாதீர்கள். எங்கள் கராஜில் ஒரு பொடியன் அவசரத்தில் மாட்டினான். மூடி பிய்ந்து கூரையில் அடித்தது, அமிலம் அவன் சட்டை முழுக்க. அன்றைக்கு அவன் கண்ணாடி போட்டிருந்தபடியால்தான் இன்றைக்கும் பார்வையோடு இருக்கிறான். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் கேட்கும்.

நெடுஞ்சாலை சொன்ன முறையைப் பலரும் செய்கிறார்கள், ஆனால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்தப் பெரிய எஞ்சினைக் குளிரில் சுழற்ற நிறையச் செலவாகிறது. குளிர்ந்த பற்றரி சார்ஜையும் மெதுவாகத்தான் வாங்கும். 15 நிமிடம் நின்ற இடத்தில் ஓடினால் எஞ்சின் முழுதாகச் சூடாவதும் இல்லை. சைலன்சருக்குள்ளும் ஓயிலுக்குள்ளும் ஈரம் சேரும். ஒரு மணித்தியாலம் ரோட்டில் ஓட்டினால் பலன் உண்டு. ஆனால் காப்புறுதியை நிறுத்தி வைத்த வண்டியை ரோட்டுக்கு எடுக்க முடியாதே.

உங்கள் யார்டில் கரண்ட் இல்லை. ஆகவே, நிறுத்துவதற்கு முன் பற்றரியை முழுதாக நிரப்பி, நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். அவ்வளவு காணும். குடிப்பவர்கள் எல்லோரும் வெளியே. பற்றரி தானாக இறங்குவது குளிரில் மிக மெதுவாகத்தான் நடக்கும், அந்த வகையில் குளிர் உங்களுக்கு உதவிதான். கழற்றும்போது நெகட்டிவ் முதல், பூட்டும்போது நெகட்டிவ் கடைசி. மாற்றிச் செய்தால் உங்கள் ஸ்பானர் பாசிட்டிவிலும் வண்டியின் இரும்பு உடம்பிலும் ஒரே நேரம் முட்டி நெருப்புப் பறக்கும். கழற்றிய வயரைத் துணி சுற்றி ஒரு பக்கம் கட்டுங்கள்.

இன்னும் நல்லது, பற்றரியைத் தூக்கி வீட்டுக்கே கொண்டுபோவது. 20 கிலோ வரும், முதுகைக் கவனம் பாருங்கள். சீமெந்துத் தரையில் வைத்தால் இறங்கிவிடும் என்று ஆட்கள் சொல்வார்கள். மரப்பெட்டியில் பற்றரி வந்த காலத்துக் கதை அது. இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிக்கு எங்கே வைத்தாலும் ஒன்றுதான்.

முதலில் ஒரு மீற்றர் வாங்கி அளந்து பாருங்கள். வண்டி ஓடி சில மணித்தியாலம் ஓய்ந்த பிறகு 12.6க்கு மேல் என்றால் நிறைவு, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12.4க்குக் கீழே விட்டு வைக்காதீர்கள். அப்படியே கிடந்தால் தகட்டில் ஒட்டிய உப்பு கெட்டியாகும், பிறகு எந்தச் சார்ஜரும் அதைக் கரைக்காது.

கல்கரிக்காரி:

கராஜ்காரர் ஐயா சொன்னதோடு என் அனுபவமும். எங்கள் வண்டி வீட்டு டிரைவ்வேயில் நிற்பதால் கரண்ட் பக்கத்திலேயே இருக்கிறது. முதல் வருடம் மலிவாகக் கிடைத்த ஒரு சின்ன சார்ஜரை நவம்பரில் மாட்டி, மார்ச்சில் எட்டிப் பார்த்தேன். நிரம்பிய பிறகு தானாகக் குறைத்துக்கொள்ளத் தெரியாத வகை அது. மாதக்கணக்கில் கொதிக்கவிட்டு, மூடியைக் கழற்றிப் பார்த்தபோது தகடுகளின் மேல்விளிம்பு வறண்டு வெள்ளை பூத்துக் கிடந்தது. நிரம்பியதும் 13.5 வோல்ட் பக்கம் இறங்கித் தாங்கி நிற்கும் ஸ்மார்ட் சார்ஜர்தான் இப்போது வைத்திருக்கிறேன். ஐந்து வருடமாக அதே பேட்டரி.

சோலார் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. வீட்டு பேட்டரி நிரம்பி மேலே போகும்போது கொஞ்சத்தை எஞ்சின் பேட்டரிக்குத் தள்ளிவிடும் சின்னப் பெட்டி ஒன்று, டிரிக்-எல்-ஸ்டார்ட் என்று விற்கிறது. வீட்டு, எஞ்சின் பேட்டரிகளின் பாசிட்டிவ் ரெண்டுக்கும் நடுவே கொடுத்து, ஒரு வயரை பாடியில் கொடுத்தால் முடிந்தது. ஆனால் கூரையில் பனி மூடினாலும் வண்டிக்கு உறை போட்டாலும் சோலார் வேலை செய்யாது. கல்கரியில் குளிர்காலத்திலும் நல்ல வெயில் உண்டு, நான் வாரம் ஒரு தடவை தள்ளுகோலால் பனியை இறக்கிவிடுவேன். ஒன்ராறியோவின் டிசம்பர் மேகத்தில், யாரும் போகாத யார்டில், அதை நம்பி விடாதீர்கள் ஏரிக்கரை.

ஏரிக்கரை:

ரொம்ப நன்றி ஐயா, நன்றி அக்கா. சனிக்கிழமை யார்டுக்குப் போய் வந்தேன். அக்டோபர் நடுவில் தேங்ஸ்கிவிங் விடுமுறைப் பயணம் முடிந்து வண்டி 12 நாள் சும்மா நின்றிருக்கிறது. வோல்ட் 12.41. புது பேட்டரி, 12 நாளில் இவ்வளவு இறங்கினால் சரியா என்று சந்தேகம் வந்து, கழற்றிய நெகட்டிவ் வயருக்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை வைத்தேன். முதலில் 900 மில்லி ஆம்பியர் காட்டியது, பயந்துபோனேன். கதவைச் சாத்திவிட்டு 40 நிமிடம் காத்திருந்ததும் 62-ல் வந்து நின்றது. ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். பதினோராவது ஃப்யூஸில் 62 சட்டென்று 21 ஆனது. முன்னாள் ஓனர் மாட்டிய பின்பக்கக் கேமராவின் திரை அது. அணைத்தாலும் உள்ளே விழித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

ஒரு கேள்வி ஐயா: மாதக்கணக்கில் வயரைக் கழற்றி வைத்தால் எஞ்சின் கம்ப்யூட்டருக்கு ஏதாவது ஆகுமா?

பழைய கராஜ்காரர்:

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் தம்பி. 62 மில்லி அம்பியர் ஒரு நாளைக்கு ஒன்றரை அம்பியர் மணி. 12 நாளில் 18. முக்காலுக்கு இறங்கியது கணக்குக்குச் சரியாக வருகிறது. முதலில் 900 காட்டியதும் பிழை இல்லை. கம்ப்யூட்டர்கள் நித்திரைக்குப் போக நேரம் எடுக்கும். இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: இந்த அளவை எடுக்கும்போது மீற்றரின் வயரை 10 அம்பியர் துளையில் சொருகுங்கள், நடுவில் சாவியைத் திருப்பாதீர்கள். திருப்பினால் மீற்றரின் ஃப்யூஸ் போய்விடும்.

கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகாது. மணிக்கூடும் ரேடியோ நிலையங்களும் மறந்துபோகும். எஞ்சின் முதல் சில கிலோமீற்றருக்குக் கொஞ்சம் ஏற்ற இறக்கமாக ஓடும், பிறகு தானே பழகிவிடும். ரேடியோவுக்கு ரகசிய எண் ஏதும் உண்டா என்று மட்டும் கையேட்டில் பார்த்து வையுங்கள்.

ஏரிக்கரை:

பேட்டரியைக் கழற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். இரவு முழுக்க ஸ்மார்ட் சார்ஜரில் போட்டேன். சார்ஜரை எடுத்து எட்டு மணி நேரம் கழித்து அளந்தால் 12.68. கராஜில் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. ஒரு அட்டையில் தேதியும் வோல்ட்டும் எழுதி மேலே ஒட்டியிருக்கிறேன். அடுத்த அளவு டிசம்பர் 1. கேமரா திரைக்கு வசந்தத்தில் தனி ஸ்விட்ச் போட வேண்டும். அம்மாவிடம் போனில் சொன்னேன். ஏப்ரலுக்கு டிக்கெட் பார்க்கச் சொன்னார்.