கேட்காமலே புதுப்பிக்கப்படும் இதழ்ச் சந்தா: அட்டையை மாற்றினால் போதுமா?

கேள்வி

சலுகை விலையில் ஓராண்டுச் சந்தா கட்டி ஓர் இதழைப் பெற்று வந்தேன். ஆண்டு முடிவதற்கு முன்பே அடுத்த ஆண்டுக்கான தொகை என் கடன் அட்டையில் பற்று வைக்கப்பட்டுள்ளது. அதுவும் சலுகை விலையில் அன்று, முழு விலையில். முன்னறிவிப்பு எதுவும் வரவில்லை. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினால், எல்லாம் நிபந்தனைகளின்படியே நடந்துள்ளது என்ற ஒற்றை வரிதான் பதிலாக வருகிறது. இந்த அட்டையை ரத்து செய்து புதிய எண்ணில் வேறொன்று வாங்கிவிட்டால் தொல்லை தீருமா? எடுத்த பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா?

பதில் 1

அட்டையை மாற்றுவதை நம்பியிருக்க வேண்டாம். அட்டை எண்ணோ காலாவதித் தேதியோ மாறும்போது, தொடர் கட்டணம் வசூலிக்கும் நிறுவனங்களுக்குப் புதிய விவரத்தைத் தானாகவே தெரிவிக்கும் சேவையை விசாவும் மாஸ்டர்கார்டும் நடத்துகின்றன. எல்லா வங்கிகளும் இதில் சேர்ந்திருப்பதில்லை என்றாலும், உங்கள் வங்கி சேர்ந்திருந்தால் பழைய சந்தா புதிய அட்டையையும் தேடி வந்துவிடும். கட்டணம் தடைபட்டாலும் சந்தா ஒப்பந்தம் முறிவதில்லை. இதழ் வந்துகொண்டே இருக்கும், பின்னர் பாக்கி கேட்டுக் கடிதமும் வரும்.

சந்தாவை ரத்து செய்வது ஒரு வேலை, பணம் எடுக்கும் அனுமதியை விலக்கிக்கொள்வது வேறொரு வேலை. முதலாவதைச் சந்தா நிறுவனத்திடமும் இரண்டாவதை வங்கியிடமும் தனித்தனியே எழுத்தில் தெரிவியுங்கள். சந்தாவை இன்ன தேதியில் முடித்துக்கொள்வதாகவும், இனிப் பற்று வைக்க அனுமதி இல்லை என்றும், இன்னும் அனுப்பப்படாத இதழ்களுக்கான தொகையைத் திருப்பித் தரும்படியும் நிறுவனத்துக்கு எழுதுவது நல்லது. இந்தக் கடைசிக் கோரிக்கையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முழுத் தொகையைத் தர மறுக்கும் நிறுவனங்கள்கூட வராத இதழ்களுக்கான பணத்தைத் தர இசைவதுண்டு. ரத்து செய்த பின்னரும் பணம் எடுக்கப்பட்டால் வங்கியில் முறையீடு செய்யலாம். அப்போது தேதியுள்ள அந்தக் கடிதமே உங்கள் ஆதாரம்.

பதில் 2

அதற்கு முன், சந்தா யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். அச்சிதழ்களின் சந்தாக் கணக்கைப் பல வேளைகளில் பதிப்பாளர் அல்லாத வேறொரு நிறுவனம் கவனிக்கிறது. முகவர் வழியாகச் சேர்ந்தவர்கள் பதிப்பாளருக்கு எழுதிப் பயன் இருக்காது. கணக்கறிக்கையில் பணம் பெற்றவர் பெயர் என்ன என்று பார்த்தாலே பாதிச் சிக்கல் தீரும். கைபேசியில் ஆப்பிள் அல்லது கூகுள் வழியாகக் கட்டிய சந்தாவை அந்தக் கணக்கின் அமைப்புகளில்தான் நிறுத்த முடியும். செயலியை நீக்குவதால் சந்தா நிற்பதில்லை. பிறருக்குப் பரிசாகக் கட்டிய சந்தாவும் இப்படிப் புதுப்பிக்கப்பட்டுப் பரிசளித்தவரின் அட்டையிலேயே வந்து விழுவதுண்டு.

பதில் 3

‘நிபந்தனைகளின்படி’ என்ற விடையோடு திரும்பிவிடாதீர்கள். எந்த நாட்டுச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும் என்பதைப் பொறுத்து அந்த நிபந்தனையே செல்லாமல் போகலாம். ஜெர்மனியில் 2022 மார்ச் 1 முதல் செய்யப்பட்ட நுகர்வோர் ஒப்பந்தங்களை இன்னொரு முழு ஆண்டுக்குத் தானாக நீட்டிக்க முடியாது. தொடக்கக் காலம் முடிந்தபின் ஒரு மாத முன்னறிவிப்பில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அமெரிக்காவில் 2010இல் வந்த கூட்டாட்சிச் சட்டம், இணையத்தில் விற்கப்படும் இத்தகைய சந்தாக்களுக்கு வெளிப்படையான ஒப்புதலையும் நிறுத்துவதற்கு எளிய வழியையும் கட்டாயமாக்குகிறது. இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் விதிப்படி, அட்டையில் தொடர் கட்டணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக வங்கி தெரிவிக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

பணம் பெற்றவர் பெயரைப் பார்த்தேன். பதிப்பாளர் அல்லர், நான் கேள்விப்படாத ஒரு நிறுவனம். புதிய ஆண்டின் முதல் இதழ் வந்துவிட்டது. அதைத் திருப்பி அனுப்ப வேண்டுமா?

பதில் 1

வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். அந்த ஓர் இதழின் விலையை அவர்கள் கழித்துக்கொள்ளட்டும். கடிதத்தை அந்த நிறுவனத்துக்கே அனுப்பி, பதிப்பாளருக்கு ஒரு நகல் வையுங்கள்.