வாள் தின்னும் அகலத்துக்கு என்ன சொல்?

திருகோணமலை நகரிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். 10ஆம் தர வடிவமைப்புப் பாடத்துக்குச் செயன்முறைத் தாள் எழுதுகையில் ஒரு சொல் இடிக்கிறது. வாள் அரிந்து போனபின் இரண்டு துண்டுக்கும் நடுவில் மரம் தூளாகிப் போகிற அந்த அகலம், ஆங்கிலத்தில் ‘கேர்ஃப்’. வெறுமனே ‘வெட்டு’ என்று விட்டால் போதாது. வெட்டுகிற செயலும் வெட்டுத்தான், அதன் நீளமும் ஆழமும்கூட வெட்டுத்தான்.

பெயர் இல்லாததால் வருகிற பிழை எல்லா வகுப்பிலும் ஒன்றே. 600 மி.மீ. பலகையில் 120 மி.மீ. துண்டு ஐந்து வேண்டும். பிள்ளைகள் அடிமட்டத்தை வைத்து 120, 240, 360, 480இல் ஒரே மூச்சில் கோடு கீறிவிடுவார்கள். வாள் 1.5 மி.மீ. தின்கிறது என்று வையுங்கள். எல்லாக் கோட்டுக்கும் வலப்பக்கமாக அரிந்தால் முதல் துண்டு மட்டும் 120, மற்ற நான்கும் 118.5. கோட்டின் நடுவே அரிந்தால் ஓரத்துண்டுகள் 119.25, நடுத்துண்டுகள் 118.5. பெட்டிக்கு எதிரெதிரே வைத்ததும் மூலை சதுரத்துக்கு வராது; பழி பசையின் தலையில் விழும். ஒவ்வொன்றாக அளந்து, அரிந்து, புதிய முனையிலிருந்து மறுபடி அளந்தால் நான்கு சரியாக வரும், கடைசி 114இல் நிற்கும். பலகை 606 வேண்டும் என்பதை அரியமுன்னமே சொல்ல ஒரு சொல் தேவை. ‘வெட்டிழப்பு’ சரிவருமா?

கிண்ணியாவிலிருந்து:

ரீச்சர், இழப்பு என்றால் மொத்தமாய்ப் போனது. உங்கள் கணக்கில் இழப்பு 6 மி.மீ.; நீங்கள் பெயர் தேடுவதோ அந்த 1.5க்கு. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டால் பரீட்சைத்தாளில் பிள்ளை எதை எழுதும்?

இன்னொன்று. இந்த அகலம் வாள் அலகின் தடிப்பு அல்ல. பற்களை ஒன்றுவிட்டொன்று இரண்டு பக்கமும் சாய்த்து வைத்திருப்பதால் வெட்டு அலகைவிட அகலமாகிறது. இரும்பறுக்கும் ஹெக்சோ அலகு ஏறத்தாழ 0.65 மி.மீ. தடிப்பு, அது விடும் இடைவெளி 1 மி.மீ.க்குக் கிட்ட வரும். அந்தச் சாய்வு தேய்ந்த வாள் மரத்தில் இறுகும். மாரியில் ஈரம் ஏறிய பலகை என்றால் சொல்லவே வேண்டாம், பாதி வழியில் வாள் அசையாது. பிள்ளை பலம் கொடுத்து இழுக்கும், அலகு வளையும், வெட்டுக் கோணும். ஆகவே சொல்லில் ‘தடிப்பு’ வரக்கூடாது.

‘அரிதடம்’ என்று வைப்போம். கோட்டுக்கு அகலம் கிடையாது, தடத்துக்கு உண்டு. மணலில் டயர் விட்ட தடத்தைப் பார்த்த பிள்ளைக்கு விளக்கமே தேவையில்லை.

மூதூரிலிருந்து:

சேர், தடம் அருமை. அரி வேண்டாம். ‘அரிதடம்’ என்று கண்டதும் பாதிப்பேர் ‘அரிது’ என்று வாசிக்கத் தொடங்குவார்கள். வாள்தடம் என்றால் இலக்கணக்காரர் புணர்த்தி ‘வாட்டடம்’ ஆக்கிவிடுவார், பிறகு அது வாடிப்போன ஏதோ ஒன்று.

முக்கியமான தடை வேறு. லேசர் கதிரால் எரித்து வெட்டும்போது வாளும் இல்லை, அரிதலும் இல்லை. ஆனால் இந்த அகலம் அங்கேதான் கூடுதலாகக் கழுத்தைப் பிடிக்கிறது. 3 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) தகட்டில் கதிர் 0.2 மி.மீ. எரித்தால் கோட்டின் ஒவ்வொரு பக்கமும் 0.1 போகிறது. 20 மி.மீ. என்று வரைந்த நாக்கு 19.8 ஆகும், அது போய்ப் பொருந்த அதே 20 என்று வரைந்த துளை 20.2 ஆகும். ஒன்று சுருங்க ஒன்று விரிய, 0.4 மி.மீ. ஆட்டம். நாக்கை 20.2, துளையை 19.8 என்று வரைய வேண்டும். திருத்தத் தெரிந்த பிள்ளைகள்கூட விளிம்புக்கு விளிம்பு 0.2 கூட்டிவிடுகிறார்கள், அப்போது நாக்கு உள்ளே போகாது, அடித்தால் தகடு பிளக்கும். விளிம்புக்குப் பாதிதான்.

அதனால் ‘வெட்டுத்தடம்’. வாளுக்கும் கதிருக்கும் பொது. பாதிக்கு ‘அரைத்தடம்’ என்று கிளைச்சொல்லும் கிடைக்கிறது. ‘கேர்ஃப்’ என்றே எழுதலாமே என்பவர்களுக்கு: ஆங்கிலத்திலும் அது வெட்டுதல், செதுக்குதல் என்ற பழைய வினையிலிருந்து வந்ததுதான்.

திருகோணமலை நகரிலிருந்து:

வெட்டுத்தடம் எனக்குச் சம்மதம். கிண்ணியா சேர் காட்டிய வேறுபாட்டையும் விடமாட்டேன்: ஒரு வெட்டின் அகலம் வெட்டுத்தடம், தடத்தை வெட்டுகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் வெட்டிழப்பு.

தாளில் செய்கை இப்படிப் போகும். 300 மி.மீ. கழிவுப் பலகையை மூன்று இடத்தில் அரிந்து, நான்கு துண்டையும் முனைக்கு முனை நெருக்கி அளக்கவும். 295.5 வந்தால் இழப்பு 4.5, தடம் 1.5. ஒரே வெட்டில் அளக்க வேண்டாம். அடிமட்டத்தில் அரை மி.மீ. வாசிப்புப் பிழை அப்படியே தடத்தில் ஏறும், மூன்றாய்ப் பிரித்தால் குறையும். முனையில் நிற்கும் சிலாம்பைத் தட்டிவிட்டே சேர்க்கவும், இல்லாவிட்டால் துண்டுகள் ஒட்டாமல் நின்று தடம் குறைவாகத் தெரியும். பிறகு பயன்படும் பகுதிக்கு வெளியே, கோடு கண்ணில் தெரியும்படி வாளை வைக்க வேண்டும். விடப்போகும் பக்கத்தில் முதலே ஒரு பெருக்கல் குறி போட்டுக்கொள்ளச் சொன்னால் போதும்.

மூதூரிலிருந்து:

ஒரு வரி சேருங்கள் ரீச்சர். லேசர் வெட்டின் சுவர் சற்றுச் சரிவானது, மேலே அகலம் கூட, கீழே குறைவு. துண்டுகளை நெருக்கினால் அவை முட்டுவது கீழ்விளிம்பில். ஆகவே இந்தச் செய்கை லேசருக்குத் தருவது தடத்தின் மிகக் குறுகிய அகலத்தைத்தான்.