பாரிமுனைத் தேவாலயங்கள்: குடும்பக் குழுவில் ஓர் இரவு

யாழினி: பெரியப்பா, கல்லூரியில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். நகரத்தில் ஏதாவது ஒரு பகுதியை எடுத்து, அங்குள்ள பழைய கட்டடங்களை அளந்து வரைந்து, வரலாறும் எழுதவேண்டும். நான் பாரிமுனைத் தேவாலயங்களை எடுத்திருக்கிறேன். எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஸ்டெல்லா அத்தை: அந்தோணியார் கோயிலிலிருந்து ஆரம்பி கண்ணு. செவ்வாய்க்கிழமை வந்தால் என்னோடு சேர்ந்து போகலாம்.

பெரியப்பா: ஸ்டெல்லா, செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் அவள் டேப்பை எங்கே பிடிப்பாள்? அதை வேறு நாளில் வைத்துக்கொள்ளட்டும். யாழினி, நீ புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிற புனித மரியாள் ஆலயத்தில் ஆரம்பி. சூயஸுக்குக் கிழக்கே மிகப் பழைய ஆங்கிலிக்கன் ஆலயம் அதுதான். 1678இல் வேலை தொடங்கி, 1680 அக்டோபரில் திறந்தார்கள். அடையாள அட்டையை மறக்காதே, வாசலில் கேட்பார்கள்.

யாழினி: படங்களைப் பார்த்தேன். கோபுரம் அழகாக இருக்கிறது.

பெரியப்பா: கோபுரத்தைக் கடைசியில் பார். அது பிற்பாடு சேர்த்தது. முதலில் உள்ளே போய்த் தலையைத் தூக்கிக் கூரையைப் பார். மரச்சட்டம், உத்தரம் எதுவும் இருக்காது. முழுக்க வளைந்த கூரை, இரண்டடி கனம். வெளிச்சுவர் நான்கடி.

ரூபன்: ஒரு சர்ச்சுக்கு எதற்குப் பெரியப்பா இவ்வளவு கனம்?

பெரியப்பா: பீரங்கிக்குப் பயந்து. கடற்கரையில் ஒரு சின்னக் கோட்டை, எந்த நேரமும் யாராவது கப்பலில் வந்து சுடலாம். குண்டு தட்டையான கூரையில் விழுந்தால் துளைத்துக்கொண்டு இறங்கும், வளைந்த கூரையில் விழுந்தால் சறுக்கிப் போகும். மரம் இல்லாததால் தீப்பிடிக்கும் பயமும் குறைவு. வெடிமருந்து அறை கட்டுகிற முறையில் ஓர் ஆலயத்தைக் கட்டியிருக்கிறார்கள்! நான் வேலையில் சேர்ந்த புதிதில் அதை முதன்முறை பார்த்தபோது கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. ஜெபிக்க வந்தவர்கள் உயிர் பிழைக்கவும் வேண்டும் என்று நினைத்துக் கட்டிய கூரை அது.

யாழினி: அந்தக் கூரைக்கு உண்மையிலேயே சோதனை வந்ததா?

பெரியப்பா: வந்தது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டார். மறு ஆண்டு பிப்ரவரி வரை நடந்தது. கட்டடம் இன்றும் நிற்கிறது, நீயே போய்த் தொட்டுப் பார்க்கலாம்.

அப்பா: அண்ணா, அந்த ஆலயத்தைச் சுற்றித் தரை முழுக்கக் கல்லறைக் கற்கள் பதித்திருக்குமே, அதையும் சொல்லுங்கள்.

பெரியப்பா: அதற்குத்தான் வருகிறேன். அந்தக் கற்கள் முதலில் அங்கே இல்லை. இன்றைக்குச் சட்டக் கல்லூரி வளாகம் இருக்கும் பக்கம்தான் பழைய இடுகாடு. அங்கிருந்த உயரமான கல்லறைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பிரெஞ்சுப் படை கோட்டையைத் தாக்கியது. முற்றுகை முடிந்ததும் கல்லறைகளை இடித்து, எழுத்துப் பொறித்த கற்களை மட்டும் கொண்டுவந்து ஆலயத்தைச் சுற்றிப் பதித்துவிட்டார்கள். ஆகவே நீ அங்கே நடக்கும்போது காலடியில் இருப்பது கற்கள் மட்டும்தான். அவற்றுக்கு உரியவர்கள் வேறு இடத்தில் கிடக்கிறார்கள்.

ஸ்டெல்லா அத்தை: கேட்கவே மனசு என்னவோ போல் இருக்கிறது அண்ணா.

பெரியப்பா: எனக்கும் அப்படித்தான். ஆனால் இடிக்காமல் விட்ட ஒரு சமாதி பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. கவர்னராக இருந்த எலிஹு யேலின் சின்ன மகன் டேவிட்டுடையது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் இருக்கிறதே, அந்தப் பெயருக்கு உரியவர் இவர்தான். யேலின் திருமணம் நடந்ததும் இதே மரியாள் ஆலயத்தில், திறந்த சில நாட்களில்.

ரூபன்: ராபர்ட் கிளைவ் கல்யாணமும் அங்கேதான், 1753இல். பள்ளிச் சுற்றுலாவில் சொன்னார்கள்.

பெரியப்பா: ஆமாம். ஆனால் யாழினி, கல்யாணங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதாதே. எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். கூரையின் குறுக்குவெட்டை வரை.

யாழினி: சரி பெரியப்பா. அங்கிருந்து அரண்மனைக்காரன் தெருவுக்கா?

பெரியப்பா: ஆமாம், ஆர்மேனியன் தெருவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். வழியில் உயர் நீதிமன்றத்தைத் தாண்டும்போது ஒன்றை நினைத்துப்பார். கோட்டையை ஒட்டி அங்கே ஒரு பழைய ஊர் இருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்த பிறகு அது இடிபட்டு, போகப் போக வெட்டவெளி ஆனது. எதிரி மறைந்துகொள்ள வீடு இருக்கக் கூடாது என்பதுதான் காரணம். ஊர் வடக்கே தள்ளிப் போய் உட்கார்ந்தது. அதற்குத்தான் 1911இல் ஜார்ஜ் டவுன் என்று பெயர் வைத்தார்கள். உன் வரைபடத்தில் இந்த வெட்டவெளியைக் கட்டாயம் காட்டு. ஆலயங்களுக்கு நடுவே ஏன் இவ்வளவு இடைவெளி என்று அப்போதுதான் புரியும்.

ஸ்டெல்லா அத்தை: ஆர்மேனியக் கோயில் வாசலை எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கிறேன். ஒரு நாள்தான் உள்ளே போனேன். பாரிமுனைச் சத்தம் அந்தப் பெரிய மரக்கதவோடு நின்றுவிடுகிறது.

பெரியப்பா: இப்போது நிற்கும் கட்டடம் 1772இல் கட்டியது. ஷமீர் என்ற ஆர்மேனிய வணிகக் குடும்பத்தின் இடம். மணிக்கூண்டு ஆலயத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கும். ஆறு மணிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 150 கிலோ. அவற்றில் ஒன்று 19 வயதில் இறந்துபோன அந்தக் குடும்பத்துப் பையன் நினைவாக 1778இல் வார்த்தது. இன்னும் இரண்டில் லண்டன் வார்ப்பட்டறைக்காரர் தாமஸ் மியர்ஸ் பெயர் இருக்கும்.

யாழினி: இப்போது அங்கே வழிபாடு நடக்கிறதா?

பெரியப்பா: ஊரில் ஆர்மேனியர்களே அநேகமாக இல்லையே அம்மா. கொல்கத்தாவில் இருக்கும் அவர்கள் சபைதான் பராமரிக்கிறது. உலகத்தின் முதல் ஆர்மேனியப் பத்திரிகை ‘அஸ்தரார்’ 1794இல் வந்தது இந்தச் சென்னையிலிருந்துதான். அதை நடத்திய பாதிரியார் ஹாருத்யூன் ஷ்மவோனியன் அந்த முற்றத்திலேயே புதைக்கப்பட்டிருக்கிறார். அவர் கல்லறையைத் தேடிப் பார்த்துவிட்டு வா.

ஸ்டெல்லா அத்தை: அதே தெருவில்தான் எங்கள் மரியன்னை இணைப் பேராலயமும். அந்தோணியார் அங்கேதான். ஒன்றில் ஆளே இல்லை, இன்னொன்றில் நிற்க இடமில்லை. மதம் பார்க்காமல் எல்லாரும் வருகிறார்கள், அதையும் எழுதுடி. கட்டடம் மட்டுமா வரலாறு?

யாழினி: கண்டிப்பாக எழுதுகிறேன் அத்தை.

அப்பா: எழும்பூரில் இருக்கும் ஸ்காட்லாந்து சபை ஆலயம், அந்தக் கிர்க்கைச் சேர்க்கலாமா அண்ணா?

பெரியப்பா: அது வேறு பகுதி. ஆனால் ஒப்பிடுவதற்கு ஒரு பக்கம் ஒதுக்கு. 1821இல் திறந்த புனித ஆண்ட்ரூஸ் ஆலயம், கட்டியவர் பொறியாளர் டி ஹாவிலண்ட். மண் இளகல் என்பதால் உறைகிணறுகளை இறக்கி அவற்றின் மேல் அடித்தளம் போட்டார். மேலே 16 தூண்களில் நிற்கும் வட்டக் குவிமாடம். கோட்டைக்காரர்களுக்குக் குண்டுப் பயம், இவருக்கு மண் பயம். கிணறு வெட்டத் தெரிந்த நம் ஆட்கள் இல்லாவிட்டால் அந்தக் குவிமாடம் அங்கே நின்றிருக்காது. அதை நீ எழுதவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ரூபன்: சனிக்கிழமை நானும் வருகிறேன். டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டுமே.

பெரியப்பா: வா. முப்பது மீட்டர் டேப் என்னிடம் இருக்கிறது, எடுத்து வருகிறேன். படம் எடுப்பதற்கு முன் அங்கிருப்பவரிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டெல்லா அத்தை: மதியச் சாப்பாடு நம் வீட்டில்.